அக்காவுக்கு ஒரு புடவை

அக்காவின் போட்டோ எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. முதன்முதலாக நற்கருணை பெறும் புதுநன்மை அன்று சாந்தோம் சர்ச் வாசலில் எடுத்தது. வெள்ளை கவுன், கையில் மெழுகுவர்த்தி, வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு எட்டு வயது, எனக்கு ஆறு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மீன் மார்க்கெட்டுக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அம்மா அந்தப் போட்டோவோடு சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். போட்டோவைப் பார்த்து ஆயில் பெயிண்டிங் வரைகிறவர் ஒருவர் அங்கே மாடியில் இருந்தார்.

"குழந்தைய இப்பிடியே பெருசா வரைஞ்சிடலாம்மா."

"குழந்தையா வேணாம் சார். இப்ப இருந்தா முப்பது வயசு. தங்கச்சி கல்யாணத்துல சின்னப் புள்ளையாவா நிப்பா? இதோ, இவ மூஞ்சியப் பாத்து வரைங்க."

அவர் போட்டோவை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்.

"அவங்க எப்பிடிச் சிரிப்பாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். "வாய மூடிக்கினு சிரிப்பா" என்றேன். பார்த்த ஞாபகமா, அப்போது தோன்றியதா, இன்றுவரை தெரியவில்லை.

"இன்னா புடவை கட்டணும்?" என்று கேட்டார். அதற்காக தி.நகர் போனோம். கடைக்காரர் பட்டுகளை விரித்துப் போட்டார்.

"யாருக்கும்மா?"

"பெரிய பொண்ணுக்கு."

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"அவளுக்கு வேலை கீது" என்றாள் அம்மா, மயில்கழுத்து நிறத்தை என் தோளில் வைத்துப் பார்த்தபடி.

படம் வந்தது. என் சாயலும் வேறு யாருடைய சாயலோவும் கலந்த ஒரு பெண். அம்மா அருகில் போய் நின்றாள். "நல்லா வளந்துட்டா" என்றாள். படத்தில் அக்கா கட்டியிருந்த அந்த மயில்கழுத்துப் புடவையைத்தான் அம்மா என் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டாள்.

இப்போது என் மகள் தினமும் ஸ்கூலுக்குப் போகும்போது படத்தைப் பார்த்து "பெரியம்மா, பை" சொல்கிறாள். எனக்கோ கண்ணை மூடினால் எட்டு வயதுக்காரி வருவதே இல்லை. வளர்ந்த நாங்கள் இருவரும் கடலோரம் நடக்கிறோம். கால் நனைகிறது. என்னவோ பேசிக்கொண்டே போகிறோம். நடக்காத ஒன்று, ஆனால் மணலின் சூடுகூட நினைவிருக்கிறது.

போன வாரம் இதை அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எந்தப் பக்கமா நடந்தீங்க?"

"பட்டினப்பாக்கம் பக்கமா."

"அங்க அலை ஜாஸ்தி. ரெண்டு பேரும் பாத்துப் போங்க."