வரப்புத் தூது

1945ஆம் ஆண்டு ஐப்பசி பதினேழாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கரிசல் புஞ்சையின் வரப்பு உடைந்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

திருச்சுழிக்கு மேற்கே, மேட்டில் எங்கள் நிலம். அதையொட்டிப் பள்ளத்தில் அத்தையின் கணவருடைய நிலம். நடுவில் எல்லைக்கல் நட்டிருந்த வரப்பை உழவுதோறும் இருபுறமும் கலப்பை சிறிது சிறிதாகத் தின்றுவந்தது. முதலில் தின்றவர் யார் என்னும் கேள்வியில் தந்தையும் மாமாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதும் அதோடு நின்றது. இருவருக்குமிடையே தவிர்க்கவியலாத சொற்களை நான் சுமந்தேன். அன்னத்தையும் கிளியையும் தூதுவிடும் பாடல்களைப் பின்னாளில் கல்லூரியில் படித்தபோது, அப்பறவைகளின் சிரமம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

அன்று மழை வலுக்க, உடைப்பின் வழியே எங்கள் மேல்மண் கறுப்பாகக் கீழே இறங்கியது. முளைவிட்ட பருத்தியும் அதனுடன் போயிற்று. இன்னும் சிறிது நேரம் ஓடினால் அடியிலிருக்கும் வெளிறிய சுக்கான் மண் தெரிந்துவிடும். பிறகு அங்கே எதுவும் விளையாது. தந்தை மண்வெட்டியால் வெட்டிப் போட்டதையெல்லாம் நீர் கொண்டுபோயிற்று. எங்கள் மண் மாமாவுக்குச் சும்மா கிடைக்கிறதே என்று நான் அழுதேன்.

அப்போது மாமா, விறகுக்கென்று தம் புஞ்சை மூலையில் அடுக்கியிருந்த காய்ந்த பருத்திச்செடித் தண்டுகளான பருத்திமார்க் கட்டுகளைத் தூக்கிவந்து உடைப்பில் திணித்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற தந்தையைப் பாராமல் என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, மாரு மெதக்குது. மேல பாரம் வைக்கணுமுன்னு உங்கய்யாகிட்டச் சொல்லு."

"அய்யா, பாரம் வைக்கணுமாம்."

"இந்தக் கரிசல்ல கல்லுக்கு எங்க போவேன்னு உங்க மாமாகிட்டக் கேளு."

நான் கேட்கும்வரை மாமா காத்திருக்கவில்லை. "எல்லைக்கல்லு என்ன, சாமியா? புடுங்கச் சொல்லு!"

நான் திரும்புவதற்குள் தந்தை கல்லை அசைத்துக்கொண்டிருந்தார். இருவரும் அதை உருட்டி மாரின்மேல் கிடத்தி, மண் போட்டு மிதித்தார்கள். இடுக்குகளில் தண்ணீர் வடிந்தது, மண் நின்றது.

"மண்ணு உங்களுக்குத்தான வந்துச்சு, ஏன் மாமா அடைச்சீக?" என்றேன்.

"இன்னைக்கு மண்ணு வரும். நாளைக்கு ஒங்க புஞ்சை ஓடையா அறுந்து, எம் புஞ்சையவும் அறுத்துக்கிட்டுப் போகும், கழுத!"

மறுநாள் காலை, கொண்டுசெல்லச் சொல் ஏதேனும் இருக்குமென்று வரப்புக்குப் போனேன். கல்லை எங்கே நடுவது என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வரப்பு அகலமா வேணும் மச்சான், எம் பக்கம் தள்ளி நடுங்க!" என்றார் தந்தை.

"ஏலே மாப்ளே, மண்ணப் பறிகுடுத்தவன் நீ. எம் பக்கம் நடுலே!"

என்னை இருவருமே பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடி, "சண்டை பெருசாயிருச்சும்மா, நேராவே கத்திக்கிறாக" என்றேன்.

"நேராவா?" என்று இரண்டுமுறை கேட்ட அம்மா, அத்தையைச் சாப்பிடக் கூட்டிவரும்படி என்னை அனுப்பினாள். சண்டை நடக்கும் நாளில் விருந்து எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.