பதினான்கு பேர், ஒரே கடிதம்

வெள்ளிக்கிழமை மாலை கணினி அறைத் தொலைபேசி அடித்தது. சேலம் மருத்துவமனையிலிருந்து பழனியம்மாள் மேடத்தின் தம்பி. "அக்கா போயிட்டாங்க சார்." கால்மணி நேரத்தில் அதே லைனில்தான் நார்வே மாணவர்களோடு எங்கள் வாராந்தர மின்னஞ்சல் வகுப்பு. அதைத் தொடங்கி வைத்தவரே அவர்தான்.

மேடம் எங்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்டேட்டில் காப்பி பறித்தவரின் மகள். ஏற்காடு பார்க்க வந்த நார்வே பேராசிரியர் ஒருவரிடம், "காப்பி குடிக்கறவங்களும் பறிக்கறவங்களும் பேசிப் பாக்கலாமுங்க" என்றாராம். மூன்று வகுப்புகள் நடத்திப் பார்த்துவிட்டு இரண்டு கல்லூரிகளும் ஒப்பந்தம் போடலாம் என்று முடிவானது.

முதல் வகுப்பைக் கெடுத்தவன் நான். காப்பி பறிப்பவர்களின் வாழ்க்கை எப்படி என்று அங்கிருந்து கேட்டார்கள். நான் ஆங்கில ஆசிரியனாயிற்றே! குளிர்ந்த மலை, மனநிறைவுள்ள தொழிலாளர்கள் என்று ஒரு மாதிரி விடை எழுதிக் கொடுத்தேன். பதினான்கு மாணவர்களும் பரீட்சைக்கு எழுதுவதுபோல அதையே தட்டி அனுப்பினார்கள். பதில் வந்தது: "பதினான்கு பெயர்கள், ஒரே கடிதம். அங்கே யாராவது இருக்கிறீர்களா?"

ஒப்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மேடம் சிரித்துவிட்டார். "ஏனுங்க சார், அவிங்க கேட்டது நம்ம புள்ளைங்கள. நீங்க ஒருத்தரே பதினாலு தடவ பேசிட்டீங்களே!"

அடுத்த வாரம் லைன் கிடைக்கவில்லை. மேடம் நேரே தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். "லைன் வர்ற வரைக்கும் நான் ஊட்டுக்குப் போறதில்லீங்க." வந்தது. அவர் கோபத்தை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அன்று எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து வரும் மாணவி செல்வியை முதலில் உட்கார வைத்தார். "உங்கம்மா வேலையச் சொல்லு கண்ணு. இங்கிலீஷு உடைஞ்சா உடையட்டும்." அவள் எழுதினாள்: "மழையில் அட்டை கடிக்கும். அம்மாவுக்குக் காப்பி பிடிக்காது. உங்களுக்கு ஏன் பிடிக்கிறது?" நான் பேனாவை எடுத்தேன். "திருத்தாதீங்க சார். அனுப்புங்க" என்றார் மேடம். அந்த ஒரு மணி நேரமும் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

செல்விதான் இப்போது கணினி அறைப் பொறுப்பாளர். இந்த வெள்ளிக்கிழமை, "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று நான் தொடங்கியபோது, "நானே எழுதறனுங்க சார்" என்று விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "எங்கள் மேடம் இன்று இறந்துவிட்டார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் அங்கே இருக்கிறீர்களா?"

அவள் ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. கண் கலங்கியிருந்தாலும் எனக்குத் தெரிந்தன. பழனியம்மாள் மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே சொல். அதைத்தான் செல்வியிடம் சொன்னேன்: "அனுப்பு."

பதில்கள் வந்தன. இருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள்.