ரோட்டக்கா இழுத்த கோடுகள்

அந்தப் பொட்டல்வெளியில் அவளை எல்லோரும் ரோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்க் கம்பெனி வந்த புதிதில், மண்ணை மட்டப்படுத்தும் கிரேடர் வண்டிக்கு ஆள் தேடினார்கள். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவள் போய் ஏறி உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம் இறங்கவில்லை.

அதுவரை அங்கே இருந்தது ஒரே பாதை. லாரி வந்தால் ஆடு ஒதுங்கும். ஆடு வந்தால் லாரி ஒதுங்கும். கம்பெனிக்கோ எண்ணெய்க் கிணற்றுக்கு ஒரு சாலை, குழாய்க்கு ஒரு சாலை, மிஞ்சிய வாயுவை எரிக்கும் கம்பத்துக்கு ஒரு சாலை வேண்டியிருந்தது. முட்புதரை வழித்துத் தள்ளி, சரளையைப் பரப்பி, கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனாள். எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன.

ஒருமுறை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டிய நாத்தனார், சாயங்கால டீக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

"நாலு தடவை அதே கிணத்துக்கிட்ட போய் நிக்கிறேன் அண்ணி! 'இங்கயே வேலைக்குச் சேந்துடுறீங்களா'ன்னு வாட்ச்மேன் கேக்குறான்."

ஆடு மேய்க்கும் அவள் அண்ணன், ரோட்டக்காவின் கணவன், சிரித்தான். "உங்க அண்ணியே போன வாரம் வழி தெரியாம என் ஆட்டுக்குப் பின்னாடிதான் வீடு வந்தா."

பிறகு எண்ணெய் வற்றி, கிணறுகள் ஓய்ந்தன. கம்பெனி போகுமுன் சாலைகளைக் கிளறி, புல்விதை தூவிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்கும் ரோட்டக்காவையே கூப்பிட்டார்கள். முதல் நாள் கிரேடரின் இரும்புப் பற்களை மண்ணில் இறக்க அவளுக்கு மனசே வரவில்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. கடைசிச் சாலையில் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"சார், இதுல ஸ்கூல் பஸ் வருது."

"மேப்ல கிளறணும்னு இருக்கும்மா. ஜனங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா விட்டுடலாம்," என்றார் இன்ஜினியர்.

கிரேடரிலேயே கிளம்பிவிட்டாள். பதினோரு வீடு, மூலைக்கு ஒன்றாக. அந்த ஆமை வேகத்தில் இரண்டு நாள் ஆனது. வீட்டுக்கு வீடு கையெழுத்து கிடைத்தது; சாலை தப்பியது.

முதல் வருஷம் கிளறிய இடமெல்லாம் வெறும் முள்தான். அடுத்த மழைக்குப் புல் வந்தது. கிளறிய மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டதால் சாலை போன வாக்கிலேயே பச்சைக் கோடுகளாக வந்தது. ஆடுகளுக்குக் கொண்டாட்டம்.

இப்போது ரோட்டக்கா ஓட்டுவது அந்த ஸ்கூல் பஸ்ஸை. "கொஞ்சம் வேகமா போங்கக்கா!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். அவளுக்குத் தெரிந்த வேகம் அவ்வளவுதான்.