சாமியாரின் பசி

லிஃப்ட் அக்கா என்றால் அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் எல்லாருக்கும் தெரியும். தோளில் கருவிப் பை, சட்டைப் பையில் சின்ன டார்ச், முழங்கை வரை கிரீஸ். லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் வந்ததும் பையைத் திறக்க மாட்டாள். கதவில் காதை வைத்துக் கேட்பாள். பழுதைச் சரி செய்த பிறகும் லேசில் கிளம்ப மாட்டாள். "அதான் ஓடுதுல்ல, விடுங்க அக்கா" என்று கூட வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள். "ஓடுது, சரி. நேத்து ஏன் ஓடலை?" என்பாள் அவள். காரணம் தெரியாமல் ஒரு கட்டடத்தை விட்டு இறங்கினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

கணவர் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதி கடலில் கழியும். வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நாத்தனார் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். தலைமுடி அளவு பிசகினாலும் கழற்றி மறுபடி மாட்டுகிற கை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்னென்ன நடக்கும் என்று உலகம் எதிர்பார்க்குமோ, அதில் பாதி அந்த வீட்டிலும் நடந்தது. மீதிப் பாதிக்கு இரண்டு பேருக்கும் நேரமில்லை.

நாய் நாத்தனாருடையது. மழையில் நனைந்துகொண்டு பஸ் நிறுத்தத்தில் கிடந்த குட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான். காப்பிப்பொடி நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து இருக்கும். வளர வளர அதற்கு ஒரு பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது: சாமியார். காரணம், அது எதற்கும் ஆசைப்படாது. தட்டு வைத்தால் மோந்து பார்க்கும், இரண்டு வாய் தின்னும், போதும் என்று நகர்ந்துவிடும். மேஜையில் மனிதர்கள் சாப்பிடும்போது வாலைக் குழைத்துக்கொண்டு நிற்காது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்கும். பார்த்தால் நமஸ்காரம் செய்வது போலவே இருக்கும். வந்த விருந்தாளிகள் எல்லாம் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். "சாமியார் பூஜையை முடிச்சாச்சா?" என்று கடலிலிருந்து கணவர் போனில் கேட்பார்.

வயிறு மட்டும் அதற்குச் சரியாக இருந்ததே இல்லை. காலையில் மஞ்சள் நுரையாகக் கக்கும். ஒரு வாரம் ஒழுங்காகப் போகும், அடுத்த வாரம் தண்ணீராகப் போகும். பூச்சி மருந்து கொடுப்பார்கள், தணியும், மறுபடி வரும். சிலருக்குத் தலைவலி மாதிரி இதற்கு வயிறு என்று வீட்டில் எல்லாரும் பழகிவிட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அது இளைக்க ஆரம்பித்தது. குளிப்பாட்டும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. லிஃப்ட் அக்கா தரையில் படுத்து அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கடகடவென்று உருண்டது, நின்றது, யாரோ தொலைவில் கதவைத் திறப்பது போல இழுத்துக்கொண்டு கிறீச்சிட்டது.

"இது சாதாரணச் சத்தமில்ல" என்று எழுந்தாள். "கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

கால்நடை மருத்துவர் மெலிந்த மனிதர், வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார். நாத்தனாருக்குத் தன் பிள்ளையைப் பற்றிக் குறையாகவே சொல்லிக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது.

"மத்தபடி ரொம்ப நல்ல பிள்ளை டாக்டர். எதையும் கேட்காது. சாப்பிட்டதும் சாமி கும்பிடும்."

"கும்பிடுமா?"

நாத்தனார் வாயால் விளக்கப் பார்த்தாள், வரவில்லை. லிஃப்ட் அக்கா வேலைச் சீருடையோடு தரையில் இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்துச் செய்தே காட்டினாள். வாசலில் பூனைக் கூடையோடு காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படிச் செய்யுது?"

"குட்டியிலிருந்தே."

"வயித்துவலி இருக்கிற நாய் இப்படி நிக்கும்மா. அப்படி நீட்டினா அதுக்குக் கொஞ்சம் சுகமா இருக்கும்."

நாத்தனார் நாயின் வயிற்றில் கையை வைத்தாள். "நாங்க அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோமே" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். பிறகு ஒருநாள் மயக்கம் கொடுத்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்த்து, சின்னத் துணுக்குகள் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று மயக்க மருந்தின் நினைவால் மருத்துவமனைக்குள் காலெடுத்து வைக்க மறுத்த நாயோடு நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா மட்டும் உள்ளே போனாள்.

"உள்ளே பார்த்ததை எனக்கும் காட்டுவீங்களா டாக்டர்?"

டாக்டருக்கு இது புதிது. பெரும்பாலோர் திரையைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பவர்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் ஈரமான, சிவந்த குடல் சுவர். வெல்வெட் போல இருக்க வேண்டிய இடம் கரடுமுரடாக வீங்கியிருந்தது. குழாய் பட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்தது.

"உடம்பைக் காவல் காக்கிற படை இருக்கில்லையா, அதுவே குடலோட சண்டை போட்டுக்கிட்டிருக்கு. நாள்பட்ட வீக்கம்."

"எதுக்குச் சண்டை?"

"தெரியாது. சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு ஒத்துக்காம இருக்கலாம், பிறவியிலேயே இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்."

"உள்ளே போய்ப் பார்த்தும் தெரியலையா?"

"பார்த்தா என்ன நடக்குதுன்னு தெரியும். ஏன்னு தெரியாது. அது தெரியாமலே வைத்தியம் பார்ப்போம். நிறைய நோய்க்கு அப்படித்தான்."

அக்காவுக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. காரணம் தெரியாமலே ஒரு மனிதர் தினமும் வேலைக்கு வருகிறார், சரியும் செய்கிறார், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் செய்கிறார்! அவரை அவள் புது மரியாதையோடு பார்த்தாள்.

ஸ்டீராய்டு மாத்திரை, வைட்டமின் ஊசி, அதுவரை நாய் தின்றே இராத ஒரு சாப்பாடு என்று முடிவானது. வாத்துக்கறியும் உருளைக்கிழங்கும், வேறு ஒரு பருக்கைகூட வாயில் படக்கூடாது. மாத்திரையால் தாகமெடுக்கும், பசியெடுக்கும், மூச்சு வாங்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். "எது நடந்தாலும் நீங்களா நிறுத்தாதீங்க. நான் சொல்லித்தான் குறைக்கணும்." அக்கா வாசலுக்கு வந்து நாத்தனாரிடம் வழி நெடுக அந்தச் சிவந்த சுவரைப் பற்றியே பேசினாள். நிறுத்தக்கூடாது என்பதைச் சொன்னாளா என்று பிற்பாடு யோசித்தபோது அவளுக்கே நிச்சயமில்லை.

மாத்திரை வேலை செய்தது. கக்கல் நின்றது, வயிற்றுப்போக்கு நின்றது, கும்பிடுவதும் நின்றது. ஆனால் பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்பார்களே, சாமியாருக்குப் பதினொன்றாவதாக வெட்கமும் பறந்துபோனது. குப்பைக்கூடைக்குள் தலையை விட்டு, கூடையை மாலையாகப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் சுற்றியது. அக்காவின் கருவிப் பையிலிருந்த கிரீஸ் துணியைக் கவ்வி ஓடியது. அவள் வாயைப் பிளந்து பிடுங்க வேண்டியிருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டுத் திரும்புவதற்குள் அது காலி. குடித்தது வெளியே வரவேண்டுமே, அதனால் இரண்டு பேருக்கும் நல்ல தூக்கமே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மாடியேறி வந்தது போல இரைத்தது. விலாவில் முடி உதிர்ந்தது, கால்கள் மெலிந்தன, வயிறு மட்டும் பானையாகத் தொங்கியது. "என்ன, உங்க நாய் வாயும் வயிறுமா இருக்கா?" என்று கீழ்வீட்டுக்காரர் விசாரித்தார். "அது ஆண் நாய்ங்க" என்றாள் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்காவுக்கு இதெல்லாம் அதிசயமாக இருந்தது. ஒரு சின்ன மாத்திரை ஒரு ஜீவனுக்குள் போய் இத்தனை விசையைத் திருப்புமா! எந்த நேரத்தில் தாகம் கூடுகிறது, எப்போது இரைப்பு தணிகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தாள். நாத்தனாருக்கு அந்த ஆராய்ச்சியே பிடிக்கவில்லை.

"அண்ணி, இது என் பிள்ளையே இல்லை. அது எதையும் தொடாது. இப்ப என் கையிலிருந்து பிடுங்கித் திங்குது. வேற யாரோ உள்ளே புகுந்த மாதிரி இருக்கு."

"வயிறு சரியாயிடுச்சேம்மா."

"வயிறு சரியாயிடுச்சு. மத்ததெல்லாம்?"

அந்தக் கேள்வி அக்காவை விடவில்லை. எது நாய், எது மருந்து? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? லிஃப்டின் மேல் உட்கார்ந்து கம்பிவடத்தைச் சோதிக்கும்போதும் அதே யோசனை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவள் கிண்ணத்தைப் பார்த்து நின்றாள். காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. முந்தின நாளும் அவ்வளவாகக் குறையவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாய் சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டாள், வால் நுனி மட்டும் அசைந்தது. வாத்துக்கறியைக் காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பின்னங்கால்கள் நடுங்கின.

நாத்தனாரின் கடைக்குப் போன் செய்தாள். "மாத்திரை கொடுக்கிறியா, இல்லையா? திட்ட மாட்டேன், உண்மையைச் சொல்லு."

அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் சத்தம் நின்றது. "கொடுக்கலை அண்ணி. வயிறு நல்லாத்தானே இருந்தது... பழைய மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். என்னாச்சு அதுக்கு?"

"கிளம்பி நேரா டாக்டர்கிட்ட வா. நான் தூக்கிட்டு வந்துடறேன்."

நாயைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கிய வேகத்தைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் கேட்காமலே வண்டியை எடுத்தார். டாக்டர் காலில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார், குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். நாத்தனார் வந்து சேர்ந்தபோது அவள் கண்ணாடி வியர்வையில் மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

"இந்த மருந்தை உடம்பு தானும் கொஞ்சம் செஞ்சுக்கும்" என்றார் டாக்டர், கோபமில்லாமல். "வெளியிலிருந்து வந்துக்கிட்டே இருந்தா, நமக்கு வேலையில்லைன்னு அது தூங்கிடும். நீங்க திடீர்னு நிறுத்தினா, வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் இருக்காது."

"மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் கிளம்பாத மாதிரி" என்றாள் அக்கா.

"அந்த மாதிரின்னு வச்சுக்கலாம். ஆனா ஜெனரேட்டருக்கு விசையைத் தட்டினா போதும். இதை மெதுவாத்தான் எழுப்பணும், வாரக்கணக்கில."

நாத்தனார் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நிறுத்தக்கூடாதுன்னு அவர் சொன்னாரு. நான் உன்கிட்ட குடலைப் பத்தியே பேசிட்டு அதை விட்டுட்டேன்னு நினைக்கிறேன்."

"நீங்க சொல்லியிருந்தாலும் எனக்குக் காதுல ஏறியிருக்காது அண்ணி" என்றாள் நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அன்று சாயங்காலமே நாய் தலையைத் தூக்கியது. மறுநாள் நடந்தே வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு மாத்திரை நாத்தனாரின் பொறுப்பு என்று அக்கா விட்டுவிட்டாள். அவளைவிடத் துல்லியமான கை எங்கே கிடைக்கும்? இன்னொரு மருந்தைத் துணைக்குச் சேர்த்து டாக்டர் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மாத்திரையைக் கடையிலிருந்து கொண்டுவந்த சின்னக் கத்தியால் நாத்தனார் கால் கால் துண்டாக நறுக்கினாள், பொடி உதிராது. நடுவில் ஒருமுறை வயிறு மறுபடி முரண்டு பிடித்தது. மருந்தில் ஒரு படி ஏறி, காத்திருந்து, மறுபடி இறங்கினார்கள்.

அளவு குறையக் குறையத் தாகம் போயிற்று, இரைப்பு போயிற்று. தொப்பை வற்றியது. விலாவில் முடி, நாற்று முளைப்பது போலப் பொடிப்பொடியாக வந்தது. பசி குறைந்ததே தவிர, போகவில்லை. குப்பைக்கூடையை விட்டுவிட்டது, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வைத்ததை நக்கித் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. நாத்தனாரின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓடியது. அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அது விளையாடி யாரும் பார்த்ததில்லை.

"இது இன்னும் மருந்தோட வேலையா டாக்டர்?" என்று நாத்தனார் கேட்டாள்.

"இவ்வளவு சின்ன அளவுக்கு இத்தனை ஆட்டம் வராதும்மா. வயிறு வலிக்காம இருந்தா இதான் உங்க நாய்."

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது, "அப்ப இது யாருன்னே தெரியாமத்தான் இவ்வளவு நாள் வளர்த்திருக்கோம்" என்றாள் நாத்தனார். குரலில் வருத்தம் இருந்தது. கூடவே, புதிதாக ஒருவரைச் சந்திக்கப் போகிறவளின் பரபரப்பும் கொஞ்சம் இருந்தது. அக்கா அவள் தோளைத் தட்டினாள்.

மாத்திரை இன்றும் உண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள். வாத்துக்கறியும் உண்டு; யாராவது பிஸ்கட் நீட்டினால் நாத்தனார் பாய்ந்து வந்து தடுத்துவிடுவாள். எப்போதாவது வயிறு கடமுடவென்கும், இரண்டு நாள் பாடாய்ப் படுத்திவிட்டு அடங்கும். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அக்கா டாக்டரைக் கேட்காமல் விடுவதில்லை.

"ஏன் வந்துச்சுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லை. தெரிஞ்சா உங்களுக்குத்தான் முதல் போன்."

"சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிடுவாள். அடுத்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றிருக்கும். போகிற வழியில் எங்காவது நின்று வயிறாரச் சாப்பிடவும் செய்வாள். நாத்தனார் கயிற்றைப் பிடித்திருப்பாள். நாய் அவளை இழுத்துக்கொண்டு, வாசலில் யாரோ சிந்திய எதையோ மோந்தபடி படியிறங்கும்.