வாளிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி

எனக்கு அரசியல் கதை பிடிக்காது. வீட்டுக்கு வந்தவர்கள் அதைத் தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். இதை ஒரு நல்ல குணமென்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கைக்கே இது தெரியும். அடுத்த வீட்டுக்காரிக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அவள் பாலர் பாடசாலை ஆசிரியை. நான் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் வீட்டுப் படம் கீறுகிறவள். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் தகரவேலி. அதில் ஒரு தகரத்தைக் கழற்றி நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது கஞ்சி வந்ததும் அந்த வழியால்தான். அதனால், துறைமுகப் பக்கத்து எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சிறுவர் கழகம் தொடங்குவோம் என்று அவள் சொன்னபோது நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் பதினொரு பிள்ளைகள் என் விறாந்தையில் கூடினார்கள். புத்தகம் வாசிப்பார்கள், கரையில் ஒதுங்குகிற போத்தல்களைப் பொறுக்குவார்கள், இரண்டையும்விடக் கூடுதலாகச் சண்டை பிடிப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

சில மாதங்கள் கழிந்து ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள்: "எங்கட கழகத்துக்கு ஒரு சின்னம் வேணும்."

"சின்னம் எண்டு சொல்லாதை, எலெக்சன் மாதிரிக் கிடக்கு. இலச்சினை எண்டு சொல்லு," என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன் என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் முதலில் கேட்டது மான். திருகோணமலை நகரத்துப் பிள்ளைகள் வேறு எதைக் கேட்பார்கள்? கடை வாசலில் நின்று கடதாசி தின்கிற மான்களை ஒவ்வொரு நாளும் விலத்திக்கொண்டுதான் அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் அவள் தலையாட்டவில்லை.

"மானை எல்லாரும் கீறுவினம். எங்கட எல்லாற்ற வீட்டிலயும் இருக்கிற சாமான் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"ரீவி!" "பூனை!" "அம்மாவின்ர தும்புத்தடி!"

"தண்ணி அள்ளுறது என்னத்தாலை? பொறுக்கின போத்தலை எதுக்குள்ள போடுறனாங்கள்?"

"வாளி!" என்று கத்தினார்கள், தாங்களே கண்டுபிடித்ததுபோல.

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இலச்சினை என்றால் தூரத்தில் நின்று பார்த்தாலும் விளங்க வேண்டும், மானின் கால் நான்கையும் கீறி முடிக்கிறதுக்குள் விடிந்துவிடும், வாளி என்றால் ஆருக்கும் கையில் வரும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். மான்தான் வேண்டும் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் அதோடு அடங்கினார்கள். படம் கீறுகிற அன்ரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். இதை நான் ஒளிக்கப் போவதில்லை.

வாளி கீறுவது அவ்வளவு லேசானதும் இல்லை. அதன் வாயைச் சிலர் நேர்கோடாகப் போட்டார்கள், சிலர் முழு வட்டமாகப் போட்டார்கள். கிணற்றடியில் இருந்த வாளியை எடுத்துவந்து அவர்களுடைய கண்ணுக்கு நேரே பிடித்தேன், பிறகு மெதுவாக இறக்கினேன். வாய் கோடாக இருந்து, முட்டை வடிவாகி, கடைசியில் வட்டமாக விரிவதைப் பார்த்துப் பதினொரு வாயும் திறந்தன. அந்த வளைவை முதலில் தாளில் கொண்டுவந்தவள் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. தாய் கிண்ணியாப் பக்கம், தகப்பன் துறைமுகத்தில் வேலை. அவளுடைய வாளிக்கு ஒரு பக்கம் நெளிந்திருந்தது. பிடி சரிந்து கிடந்தது. விளிம்புக்கு மேலால் ஒரு மீன் வால் எட்டிப் பார்த்தது. கீழே பதினொரு துளித் தண்ணீர், ஆளுக்கு ஒன்று. கோட்டை நேராக்கச் சொல்லி நான் அடிமட்டத்தை நீட்டினேன்.

"வேண்டாம் அன்ரி. எங்கட வாளி நெளிஞ்சதுதானே," என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அலுவலகத்தில் கோடு நேராக இல்லையென்று ஏச்சு வாங்கியே என் காலம் போகிறது. எல்லோரும் கைதூக்கி அந்தப் படத்தையே தெரிவுசெய்தார்கள்.

"நான் கொண்டுபோய் வடிவா அச்சடிச்சுத் தாறன். சட்டையிலயும் போடலாம்," என்று சொல்லி அடுத்த வீட்டுக்காரி தாளை வாங்கிக்கொண்டு தகர வழியால் போனாள். அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டார்கள். அச்சுக்காரர் பிந்துகிறார் என்று அவளும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னாள்.

ஒரு நாள் நிலாவெளிப் பக்கம் காணி அளந்துவிட்டுக் களைத்துப்போய் பஸ்ஸால் இறங்கி வருகிறேன், என் கேற்றடியில் அந்தப் பெண்பிள்ளையும் அவளுடைய தங்கச்சியும் நிற்கிறார்கள். தங்கச்சி முதலாம் வகுப்பு, கழகத்தில் எல்லோருக்கும் சின்னவள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் கையில் ஒரு நோட்டீஸ்.

"அன்ரி, அக்கான்ர படத்துக்குப் பிழை போட்டிருக்கினம்."

வாங்கிப் பார்த்தேன். நெளிந்த வாளி, சரிந்த பிடி, மீன் வால், பதினொரு துளி. பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் குறுக்காக இரண்டு கோடு, பெரிய புள்ளடி. மேலே அடுத்த வீட்டுக்காரியின் புருசனுடைய படம், கைகூப்பியபடி. சுயேச்சைக் குழு. கீழே தடித்த எழுத்தில்: எங்கள் சிறுவர்கள் தெரிவு செய்த சின்னம்.

அந்த மனிதர் தேர்தலில் நிற்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒழுங்கையில் பலருக்குத் தெரிந்திருக்கும். என்னிடம்தான் ஒருவரும் அரசியல் கதைப்பதில்லையே.

சின்னவளுக்கு விளங்கப்படுத்தினேன். இது பிழை இல்லை ராசாத்தி, பெரிய ஆக்கள் வோட்டுப் போடேக்க இப்பிடித்தான் புள்ளடி போடுறது, பிடிச்ச ஆளுக்குத்தான் போடுறது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமாதானமானாள். அக்கா சமாதானமாகவில்லை.

"அப்ப இது ரீச்சர் வீட்டு மாமாவுக்கோ?"

"ஓம்."

"நீங்கள்தானே அன்ரி வாளி நல்லம் எண்டு சொன்னது?"

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். கையும் களவுமாகப் பிடிபட்ட எல்லாப் பெரியவர்களும் சொல்கிற அதே வசனம். என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அது பொய்போலக் கேட்டது. அவள் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

நான் கைப்பையைக்கூட வைக்காமல் தகர வழியால் போனேன். அடுத்த வீட்டுக்காரி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டேன்.

"உனக்கு எப்ப தெரியும், வாளிதான் சின்னம் எண்டு?"

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "எலெக்சன் கந்தோரில அவருக்குச் சின்னம் குடுத்த அண்டைக்கே தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டாய்."

"விட மாட்டன் எண்டு தெரிஞ்சுதானே ஒளிச்சனீ?"

"இப்ப என்ன நடந்து போச்சு? பிள்ளையளின்ர படம் ஊர் முழுக்கத் திரியுது. அவைக்குச் சந்தோசம்தானே. அவர் வந்தா இந்த ஒழுங்கைக்குத்தானே நல்லது."

"அவருக்குக் கோடாலி கிடைச்சிருந்தா, பிள்ளையளைக் கோடாலி கீறப் பண்ணியிருப்பியோ?"

"பின்னை?" என்றாள். அதில் எனக்கு விளங்காமலிருக்க என்ன இருக்கிறது என்பதுபோல முகத்தைப் பார்த்தாள்.

அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அவள் சொன்னது அந்த ஒரு சொல்தான். எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்த கைதான், வெங்காயத்தைச் சீராக வெட்டிக்கொண்டிருந்தது. என்னையும் அவள் ஒரு அடிமட்டம்போலப் பாவித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தகரத்தை எடுத்து வைத்து ஆணி அடித்தேன். சுத்தியல் விரலில் பட்டு நகம் கறுத்தது. அந்த மனிதர் வென்றாரா தோற்றாரா என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை விறாந்தையைக் கூட்டி, பாய் விரித்து, பென்சில் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். நாலு மணி ஆனது, ஐந்து மணி ஆனது. ஒருவரும் வரவில்லை. ஒழுங்கைக் கடைசியில் சத்தம் கேட்டது. எனக்குப் பழக்கமான அதே சண்டைச் சத்தம். எழுந்து போனேன்.

அந்தப் பெண்பிள்ளையின் வீட்டு முன்னறையில் பதினொரு பேரும் நிலத்தில் குப்புறக் கிடந்து கீறிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று, "என்ன பிள்ளையள், புதுசோ?" என்று கேட்டேன்.

எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள். தங்கச்சி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா ஒரு கையால் அவளுடைய வாயைப் பொத்தி, மற்றக் கையால் தன் தாளை மூடினாள், சோதனையில் பார்த்தெழுத வருகிறவளிடமிருந்து மூடுவதுபோல.

"கீறி முடிச்சிட்டுக் காட்டுறம் அன்ரி. நீங்கள் இப்ப போங்கோ," என்றாள். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவள் செய்தது சரி. யாரிடமிருந்து எதை மூட வேண்டும் என்பதை எங்கள் ஒழுங்கையில் படித்திருக்கிறாள், அதையும் என் விறாந்தையிலேயே படித்திருக்கிறாள். நான் உடனே திரும்பியிருக்கலாம். ஏதாவது ஒரு தலை நிமிர்ந்து என்னை உள்ளே வரச் சொல்லும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். நான் நின்ற அவ்வளவு நேரமும் அவர்களில் ஒருவர்கூடப் பென்சிலை எடுக்கவில்லை.