உப்புப் போட்ட கை

அந்தப் பெண்கள் விடுதியின் சமையலறையில் அவளைக் கத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். காய் நறுக்குவது அவள் வேலை; நாக்கும் அதற்குக் குறைந்ததில்லை. அடுப்படிக்கு ராணி அவளுடைய நாத்தனார், புருஷனின் கூடப்பிறந்த அக்கா. விடுதிப் பெண்களுக்கு அவள் பெரியம்மா. கத்தியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அதை அவ்வப்போது யார் காதிலாவது போட்டுவைக்காவிட்டால் பெரியம்மாவுக்குத் தூக்கம் வராது.

பெரியம்மாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. காயை யார் வேண்டுமானாலும் நறுக்கலாம், குழம்பை யார் வேண்டுமானாலும் கிளறலாம். உப்பு மட்டும் அவள் கையால்தான் விழவேண்டும். கரண்டி ஆகாது. உள்ளங்கையில் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டதுபோல ஒரு கணம் நின்று, விரல் நுனியால் தூவுவாள். "என் கைக்குத் தெரியும்டி எவ்வளவுன்னு" என்பாள். அதில் பொய் இல்லை, ஒருநாளும் உப்பு கூடியதோ குறைந்ததோ கிடையாது. வெள்ளரிக்காயும் வெங்காயமும் கலந்த பச்சைக் கலவைக்குக் கடைசியில் உப்புப் போட்டு, அதே கையால் பிசறி வைப்பாள்.

மழை விட்ட சமயத்தில் விடுதியில் காய்ச்சல் புகுந்தது. முதலில் மாடி அறைப் பெண் ஒருத்தி படுத்தாள். பிறகு அவள் அறைத்தோழி, பிறகு கீழ்த்தளம். ரத்தம் பார்த்தார்கள், டைபாய்டு. படுத்தவர்கள் எல்லாருமே அந்தப் பச்சைக் கலவையைச் சாப்பிட்டவர்கள் என்று தெரிந்ததும், வார்டன் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"யார் நறுக்கினது?"

கத்தி வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள். "கை கழுவுடி, கை கழுவுடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். இவ காதுல ஏறினாத்தானே? தம்பி பொண்டாட்டியாச்சேன்னு இத்தனை நாளா மூடி மறைச்சேன்."

"அண்ணி, நான் கை கழுவாம நறுக்கினதை நீங்க பார்த்தீங்களா?"

"வாயை மூடு. நீ எங்க குடும்பத்துல காலை வச்ச வருஷமே என் புருஷனைக் காய்ச்சல் தூக்கிட்டுப் போச்சு. இப்போ இந்தப் புள்ளைங்க. ஒட்டுவாரொட்டிடி நீ."

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வார்டன் இனி வரவேண்டாம் என்றதும் கத்தி பின்வாசல் வழியாக வெளியேறினாள். வேலை போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கை இருந்தால் வேறு அடுப்படி கிடைக்கும். அந்தப் பொத்திய மூக்குதான் நெஞ்சில் நின்றது. சொன்ன சொல்லைச் சொன்னவள் மேலேயே திருப்பிப் போடவேண்டும்.

அவள் புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே வண்டியை ஒடித்துத் திருப்பியே பழகிப்போனவன். "அக்கா ஏதோ கோவத்துல சொல்லிட்டா. விட்டுடேன்" என்றான்.

"விட்டுடறேன். விடறதுக்கு முன்னாடி ஒருதடவை இறுக்கிப் பிடிச்சுட்டு விடறேன்."

சில நாளில் சுகாதாரத் துறை டாக்டரம்மா கத்தியின் வீட்டுக்கே வந்தாள். கையில் மூடி போட்ட சின்ன டப்பா. மலப் பரிசோதனைக்கு. கத்திக்கு அவமானம் பொங்கியது. ஆனாலும் டப்பாவை வாங்கிக்கொண்டாள். "நல்லா பாருங்க டாக்டரம்மா. என்மேல ஒரு கிருமிகூட இல்லைன்னு எழுதிக் கொடுங்க, மாட்டி வைக்கிறேன்."

டாக்டரம்மா சிரித்தாள். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தபோது கத்தியின் உடம்பில் கிருமி இல்லை என்று சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: விடுதியில் இன்னும் புதிதாகச் சிலர் காய்ச்சலில் விழுகிறார்கள்.

"நான்தான் அங்கேயிருந்து வந்துட்டேனே! இன்னும் எப்படி?"

"கிருமி உள்ளே போன அன்னைக்கே யாரும் படுக்க மாட்டாங்க. ஒரு வாரம், ரெண்டு வாரம் சத்தமில்லாம உள்ளே பெருகும். அதை நோயரும்பு காலம்னு சொல்லுவோம். அதனால நீங்க போன உடனே படுத்தவங்களை வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஆனா அந்தக் காலமெல்லாம் தாண்டியாச்சு. அப்போ தொற்று கிளம்புற இடம், தொற்றுமூலம், இன்னும் அங்கேயேதான் இருக்கு."

"தண்ணியா?"

"தண்ணி சுத்தமா இருக்கு. இது காத்துல பரவுறதும் இல்ல, மூக்கைப் பொத்திப் பிரயோஜனமில்ல. கழிவறைக்குப் போன கை சரியாக் கழுவாம சாப்பாட்டுல பட்டு, அது இன்னொருத்தர் வாய்க்குப் போகணும். கொதிக்கிறதுல விழுந்தா கிருமி செத்துரும். பச்சையா சாப்பிடறதுல விழுந்தா உயிரோட இருக்கும். பெரியம்மா மட்டும் டப்பா வாங்க மாட்டேங்கிறாங்க. எனக்கென்ன காய்ச்சலா இருக்குங்கிறாங்க."

"காய்ச்சல் இல்லாதவங்க கொடுக்க முடியுமா?"

"முடியும். எப்பவோ வந்து குணமாகியிருக்கும். ஆள் திடமா இருப்பாங்க, கிருமி பித்தப்பையில குடியிருந்துட்டு அப்பப்போ வெளியே வரும். நோய் சுமப்பவர்னு பேரு. அவங்களுக்கே தெரியாது."

கத்திக்குப் பழைய காய்ச்சல் நினைவுக்கு வந்தது. அவள் கல்யாணமாகி வந்த வருஷம், முதலில் காய்ச்சலில் விழுந்தது நாத்தனார்தான். எழுந்து அடுப்படிக்குப் போய்ப் புருஷனுக்குச் சமைத்துப் போட்டாள். அதற்கப்புறம்தான் அவர் படுத்தார், எழுந்திருக்கவில்லை. உப்பு போடுகிற கதையையும் அந்தக் காய்ச்சலையும் டாக்டரம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ அவர் செத்தது…?"

"அதை இனி யாராலும் சொல்ல முடியாதும்மா. ரெண்டு பேரும் ஒரே தண்ணியைக் குடிச்சு வந்திருக்கலாம். தெரியாம சுமக்கிறது குத்தமும் இல்ல."

கத்தி தலையாட்டிக்கொண்டாள்.

டாக்டரம்மா வார்டனிடம் கண்டிப்பாகச் சொன்னதும் பெரியம்மா வேறு வழியின்றி டப்பாவை வாங்கினாள். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கிருமி எல்லா நாளும் வெளியே வராது என்று மறுபடி எடுத்தார்கள். அதில் அகப்பட்டது. பெரியம்மாவை அடுப்படியிலிருந்து விலக்கி, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வார்டன் கத்திக்கு ஆள் அனுப்பினாள், கரண்டியைப் பிடிக்க.

கத்தி விடுதிக்குப் போகுமுன் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். புருஷனும் பின்னாலேயே போனான். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் வரிந்து கட்டியிருக்கும் கொண்டை அவிழ்ந்து கிடந்தது.

"வந்துட்டியா? சிரிச்சுட்டுப் போ" என்றாள்.

"சிரிக்க வரல அண்ணி. ஒண்ணு கேக்க வந்தேன். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தப்போ, அவருக்கு முன்னாடி படுத்தது யாரு?"

நாத்தனார் நிமிர்ந்தாள்.

"நீங்கதானே? எழுந்து யாரு சமைச்சா? நான் காலை வச்சதால அவர் போகல. உங்க கை பட்டதாலதான் போனாரு."

புருஷன், "ஏய்" என்றான்.

நாத்தனார் மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க?"

அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போலிருந்தது. இல்லை என்று ஒரு சொல் போதும் என்பது கத்திக்குத் தெரிந்தது.

"ஆமா" என்றாள் கத்தி.

வெளியே வந்து வேனில் ஏறியதும் புருஷன் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். "டாக்டரம்மா நம்ம வீட்டுல பேசினப்போ நானும்தான் வாசல்ல இருந்தேன். யாராலும் சொல்ல முடியாதுன்னாங்க. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"சொல்றேன்."

"எப்போ?"

"இவ்வளவு வருஷம் நான் சுமந்தேன்ல. அவங்களும் கொஞ்சம் சுமக்கட்டும். வண்டியை எடு, அடுப்பு பத்த வைக்க நேரமாச்சு."

நாத்தனார் முழுசாகக் குணமாகிவிட்டாள். கிருமி போய்விட்டது என்று மூன்று முறை பார்த்துச் சொன்னார்கள். வார்டன் கூப்பிட்டும் அவள் அடுப்படிக்குப் போகவில்லை. இப்போது கத்திதான் அவளுக்கும் சேர்த்துச் சமைத்துத் தூக்குவாளியில் கொடுத்து அனுப்புகிறாள். கத்தியின் புருஷன் அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்கிறான், "இன்னைக்காவது சொல்லிடட்டுமா?"

கத்தி உள்ளேயிருந்தே சொல்கிறாள், "சோறு ஆறிடும், சீக்கிரம் போ."