உடைந்தது இடுப்பு

அன்பான விசுவாசிகளே, முதலில் ஒரு பொய்யைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கிறேன். 1975இல், மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், நம் லைன் வீட்டு ஜெபக் கூட்டத்தில் நான் கதறி அழுதது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது பாவத்துக்காக அல்ல. இடுப்புக்காக.

பாஸ்டர் எல்லாரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார். சிமெண்டுத் தரை. நானும் நின்றேன். வலது தொடைச் சந்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல இருந்தது. எழ முடியவில்லை. முடியவில்லை என்று சொல்ல வெட்கம். முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன், பாரத்தை இடப்பக்கம் மாற்றினேன். கண்ணீர் தானாக வழிந்தது. "ஆண்டவரே" என்று அலறினேன். அது ஜெபம் அல்ல. வேறு வார்த்தை வாயில் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரமாகப் பிடித்துக்கொண்ட வார்த்தை.

பாஸ்டர் என் தலையில் கை வைத்தார். "அண்ணன் உடைஞ்சிட்டாரு. கர்த்தர் உடைச்சிட்டாரு."

நம் சபையில் 'உடைதல்' எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்குத் தெரியும். மனம் உடையாதவன் எத்தனை வருஷம் வந்து போனாலும் வெறும் வந்துபோகிறவன்தான். பதினாறு வருஷக் குடிகாரன் உடைந்துவிட்டான் என்றதும் பெண்கள் பக்கத்தில் விசும்பல் எழுந்தது. நான் மறுக்கவில்லை. முதலில் வலியால் பேச முடியவில்லை. வலி தணிந்தபோது மரியாதை பிடித்துப்போய்விட்டது. அடுத்த ஞாயிறு எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். நாற்காலியில் இருப்பவன் முழங்கால் போட வேண்டாம் என்பதால் மிகுந்த தாழ்மையோடு உட்கார்ந்தேன். அதற்கு முந்தின நாள் சாயந்திரம்தான் தடாவில் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

அப்போது கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சிவப்பு மையில் குறிப்பது வேலை. வருகைப் பதிவேட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். படித்தவன் என்று பெயர். படித்தவன் குடித்தால் அதற்கு நல்ல நடையில் காரணம் சொல்லுவான், அவ்வளவுதான் வித்தியாசம். மதுவிலக்குக் காலத்தில் ஏரிக்கரையில் காய்ச்சியதைக் குடித்தேன். எழுபத்தொன்றில் கடை திறந்தார்கள், கடையில் குடித்தேன். எழுபத்துநாலில் கடையை மூடினார்கள், ரயிலேறி ஆந்திர எல்லையைத் தாண்டிப் போய்த் தடாவில் குடித்தேன், வாரத்துக்கு வேண்டியதைப் பையிலும் கொண்டு வந்தேன். அரசாங்கம் கொள்கையை மாற்றிக்கொண்டே இருந்தது. மாறாத கொள்கை எனக்கு மட்டும்தான் இருந்தது.

உடம்பு முன்பே சொல்லிப் பார்த்தது. ஒருநாள் கிணற்றடியில் லேசாக வழுக்கினேன், கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. பாசியைத் திட்டினேன். அப்புறம் இடுப்பில் வலி வந்தது. வாயு என்றேன். எண்ணெய் தேய்த்தேன், நொச்சி வைத்து ஒற்றடம் கொடுத்தேன், பட்டறையின் சிமெண்டுத் தரைதான் காரணம் என்று மானேஜருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஸ்டேஷனிலிருந்து பட்டறை கேட்டுக்கு ஐந்து நிமிஷ நடை. அது பத்தாயிற்று, இருபத்தைந்தாயிற்று. ஒரு காலையில் சிவப்பு மையில் என் பெயருக்கு நேராக நானே குறிக்க வேண்டி வந்தது.

வலிக்குக் குடித்தேன். இரண்டு மணி நேரம் வலி தெரியாது. மறுநாள் அது துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும். உட்கார்ந்தால் எழவேண்டும் போல இருக்கும். எழுந்தால் சாய இடம் தேடும். படுத்தால் புரள முடியாது, புரளாமலும் இருக்க முடியாது. செருப்பை மாட்டக் குனிய முடியாதவனுக்கு எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற அரிப்பு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

அந்த ஜெபக் கூட்டத்துக்குப் பிறகு, என் மனைவி எஸ்தர் ஒரு செவ்வாய்க்கிழமை என்னைச் சென்னைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எவ்ளோ நாளா?"

"வலியா சார்? ஒரு வருஷமா."

"வலி இல்ல. குடி."

"எப்பவாவது சார்."

டாக்டர் எஸ்தரைப் பார்த்தார். "பதினாறு வருஷங்க," என்றாள்.

அவர் பென்சிலால் தொட்டுக் காட்டினார். தொடை எலும்பின் தலை பந்து போல உருண்டிருக்க வேண்டுமாம். என்னுடையது ஒரு பக்கம் சப்பையாகி, தேய்பிறை போல இருந்தது. எலும்புக்கும் உயிர் உண்டு, ரத்த ஓட்டம் இருந்தால்தான் வாழும். வருஷக்கணக்காகக் குடிக்கிறவர்களில் சிலருக்கு அந்தப் பந்துக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டுப்போகும். எலும்பு உள்ளே செத்துவிடும், மேலே இருக்கும் மனிதனுடைய பாரத்தில் நொறுங்கும். மணிக்கட்டு முறிந்ததற்கும் குடி மெலிய வைத்த எலும்புதான் காரணமாக இருக்கலாம் என்றார். பாசி நிரபராதி.

"வலது பக்கம் போனது போனதுதான். இடதுல இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. நிறுத்துனா அது அங்கேயே நிக்கலாம். நிறுத்தலேன்னா நீங்க நிக்க மாட்டீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கர்த்தரோடு பேரம் பேசினேன். வலது காலைத் தாரும், குடியைத் தருகிறேன். என் பக்கத்துச் சரக்கு மட்டமானது என்று எனக்கே தெரிந்திருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது வியாழக்கிழமையோடு தீர்ந்தது. வெள்ளிக்கிழமை கை நடுங்கியது. சனிக்கிழமை சாயந்திரம் சட்டையை மாட்டினேன்.

"எங்க?" என்றாள் எஸ்தர்.

"லைப்ரரிக்கு."

"லைப்ரரிக்கு இன்னா, ரயில்லயா போவாங்க?"

கிளம்பினேன். வடக்கே போகும் பாசஞ்சர் எதிர் பிளாட்பாரத்தில் வரும். மேம்பாலம் ஏற வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பதினோராவது படியில் இடுப்பு பூட்டிக்கொண்டது. மேலே ஒரு படி ஏற முடியவில்லை, கீழே ஒரு படி இறங்கவும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வண்டி வந்தது. என் குடிக் கூட்டாளி, பட்டறை ஃபிட்டர் முனுசாமி ஏற்கெனவே உள்ளே ஏறி ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணே, இன்னா அங்கியே குந்திகினு கீற? கைகாட்டி வுழுந்துச்சு, வண்டி கெளம்புது, வா."

கையை ஆட்டினேன். வா என்றா போ என்றா என்று எனக்கே தெரியவில்லை. வண்டி போய்விட்டது.

எந்தக் குடி எலும்பைத் தின்றதோ, அந்த எலும்புதான் என்னைக் குடிக்கு விடவில்லை. இப்படி ஒரு வேடிக்கையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அன்றைக்குத்தான் அழுதேன். முழங்கால் போடவில்லை, போடவும் முடியாது. சாய்ந்த மூட்டை மாதிரி ஒரு பக்கமாகக் கிடந்தேன். வலது காலைக் கேட்கவில்லை. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. "இந்த இடது காலை மட்டும் விட்டுடுங்க. அந்த வண்டியில ஏறணும்ங்கிற ஆசையை எடுத்துடுங்க." அவ்வளவுதான் என் ஜெபம். வெளிச்சம் எதுவும் வரவில்லை, சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கண்ணைத் துடைத்தபோது படியின் அடியில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலேயே வந்திருக்கிறாள். ஏறி வந்து தோளைக் கொடுத்தாள். பதினோரு படி இறங்க அரை மணி நேரம் ஆயிற்று.

அடுத்த மூன்று நாள் நடுக்கமும் வியர்வையுமாகக் கழிந்தது. சுவரில் பல்லி இல்லாத இடத்தில் பல்லியைப் பார்த்தேன். உள்ளூர் டாக்டர் வந்து ஊசி போட்டார். சபைச் சகோதரிகள் முறை வைத்து ஜெபித்தார்கள். நாலாம் நாள் காலையில் நாஷ்டா கேட்டேன், எஸ்தர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதன்பின் எத்தனையோ சனிக்கிழமை, அந்தப் பாசஞ்சர் கூவும்போதெல்லாம் உடம்பு எழுந்து நிற்கப் பார்த்தது. நான் ஊன்றுகம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது வெறும் ரயில் சத்தமாயிற்று. ஆறு மாதம் கழித்து டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இடது அப்படியே நிக்குது," என்றார். இப்போது மூன்று வருஷம் முடிந்துவிட்டது. இன்னும் நிற்கிறது. நானும் நிற்கிறேன்.

வலது கால் சொஸ்தமாகவில்லை. அதை மறைத்து எழுதினால் இது சாட்சி ஆகாது. அந்தப் படியில் நான் கேட்டது இரண்டு, இரண்டும் கிடைத்தது. வலிக்காகக் குடிக்கிறவர்கள், வாயு என்று எண்ணெய் தேய்க்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என்னைப் போலப் பேரம் பேசிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். கேளுங்கள். முழங்கால் போட முடியாவிட்டால் எந்தப் படியில் கிடக்கிறீர்களோ அங்கிருந்தே கேளுங்கள். அவருக்குக் கேட்கும். எழுந்ததும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் போன ஞாயிறு சபையில் எழுந்து சொன்னேன், அன்றைய கண்ணீரின் உண்மை உட்பட. வராதவர்களுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன். பாஸ்டர் சிரித்துக்கொண்டே, "எப்படியோ உடைஞ்சது உடைஞ்சதுதானேண்ணே," என்றார். சபையார் கைகுலுக்கினார்கள். என் சாட்சி நன்றாக அமைந்தது என்று எனக்கே ஒரு நினைப்பு.

வீட்டு வாசலில் எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறினாள். நாலு பேர் எதிரில் என்னை 'நீங்க' என்பாள், வீட்டுக்குள் 'நீ'. "இன்னா, கால் வலியா?" என்று கேட்டேன்.

"பதினாறு வருசம் உனக்காவ முழங்கால்ல நின்னவ நானு. ரெண்டு முட்டியும் தேஞ்சு பூட்ச்சு. ஒரு சொட்டு குடிக்காமலே."